ஸ்க்ரூ மறைத்த படம்: முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கேன் ஏன் தெளிவாக வரவில்லை?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 52 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தையல் வேலை செய்பவர். ஐந்து வருடங்களுக்கு முன் கீழ்முதுகில் எல்4, எல்5 எனப்படும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முதுகெலும்புகளை இணைத்து, நான்கு ஸ்க்ரூவும் இரண்டு ராடும் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். நான்கு வருடம் நன்றாக இருந்திருக்கிறார். இப்போது ஏழு மாதமாக இடது தொடையின் முன்பக்கம் வழியாக, முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வரை வலி. கால் மணி நேரம் நின்றால் கால் மரத்துப்போகிறது, உட்கார்ந்தால் தணிகிறது. "3 டெஸ்லா மிஷின்தான் பெஸ்ட்" (டெஸ்லா என்பது எம்ஆர்ஐ காந்தப் புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) என்று தம்பி சொன்னதால் கூடுதல் பணம் கட்டி எம்ஆர்ஐ எடுத்தார். ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள்: உலோகத்தால் எல்4-எல்5 பகுதி சரியாகத் தெரியவில்லை, ஸ்க்ரூ பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவதால் இன்ஃபெக்ஷன் இருக்கிறதா என்று பார்க்கவும், எல்3-எல்4 மட்டத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்புக் கால்வாய் குறுகியிருக்கிறது. பிறகு சிடி எடுத்தார். அதிலும் ஸ்க்ரூவைச் சுற்றிக் கோடு கோடாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள்.

அவர் கேட்பவை: இரண்டு சென்டரும் சரியாக எடுக்கவில்லையா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? ஸ்க்ரூவை எடுத்துவிட்டால் ஸ்கேன் தெளிவாக வருமா? சிடியின் கதிர்வீச்சு உடம்பில் இருக்கும் உலோகத்தில் தங்கிவிடுமா? இன்ஃபெக்ஷன் என்று எழுதியிருப்பதை நினைத்துத் தூக்கம் வரவில்லை, என்ன செய்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அமரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுவது, குளிர் காய்ச்சலோடு முதுகு வலி, பழைய தையல் இடத்தில் சீழ். இதில் எது வந்தாலும் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை என்பதால்தான் நிதானமாகப் பேச முடிகிறது.

நான் ரேடியாலஜிஸ்ட். உங்களைப் பரிசோதித்துப் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் ஏன் அப்படி வந்தது, அடுத்த படம் எப்படி நன்றாக வரும் என்பதைச் சொல்ல முடியும்.

ரிப்போர்ட்டில் நீங்கள் படிக்காமல் விட்ட வரி

"சரியாகத் தெரியவில்லை" என்ற வரியிலேயே உங்கள் கண் நின்றுவிட்டது. இயல்புதான், பணம் கட்டியவருக்கு அந்த வரிதான் வலிக்கும். ஆனால் அது எல்4-எல்5 பகுதிக்கு மட்டும் சொன்னது. அதற்கு மேலே, ஸ்க்ரூ இல்லாத எல்3-எல்4 மட்டம் தெரிந்திருக்கிறது, அங்கே கால்வாய் குறுகியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு எலும்பை அசையாமல் கட்டிவிட்டால், அந்த அசைவின் பாரம் மேலே, கீழே உள்ள மூட்டுகளுக்குப் போகிறது. சில வருடம் கழித்து அந்த அடுத்த மட்டம் தேய்வது நாங்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம். நின்றால் மரத்து, உட்கார்ந்தால் தணிவது கால்வாய் குறுகலில் வரும் வழக்கமான தொல்லை.

வலி இறங்கும் பாதையைப் பார்த்தால் நான்காம் இடுப்பு நரம்பு மீது சந்தேகம் வருகிறது. அந்த நரம்பு எல்3-எல்4 மட்டத்தில் கால்வாயின் ஓரமாக இறங்கி, எல்4 எலும்பின் இடது தூணை (எலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் பாகம்) ஒட்டி வளைந்து, எல்4-எல்5 துவாரம் வழியாக வெளியேறுகிறது. அந்த எலும்புத் தூணுக்குள்தான் உங்கள் ஸ்க்ரூவும் இருக்கிறது. ஆக அந்த நரம்பு மூன்று இடத்தில் மாட்டியிருக்கலாம்: மேல் மட்டத்தில், ஸ்க்ரூ பக்கத்தில், வெளியேறும் துவாரத்தில். முதல் இடம் ஓரளவு தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும்தான் உலோகத்தின் நிழலில் நிற்கின்றன. உங்களுக்குத் தேவைப்படுவது இந்த இரண்டு இடங்களுக்கான பதில். "முதுகு முழுக்க ஒரு நல்ல ஸ்கேன்" என்று பொதுவாகக் கேட்டால் அது கிடைக்காது.

சிடியில் கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

சிடி மிஷின் உங்களைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான கோணங்களிலிருந்து எக்ஸ்-ரே அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. அந்த அளவுகளைக் கோத்துத்தான் கம்ப்யூட்டர் படத்தைக் கட்டுகிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, சன்னதியில் நடந்ததை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார், அவர் சொல்வதையும் சேர்த்து எழுதினால் கதை கோணும். ஸ்க்ரூதான் அந்தத் தூண். அதைத் தாண்டி வரும் கதிர் மிகக் குறைவு, வருவதும் தன் இயல்பு மாறி வருகிறது. இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே கறுப்புப் பட்டை, ஓரங்களில் வெள்ளைக் கோடு என்று வருவதெல்லாம் இதனால்தான். நரம்புக் கால்வாய் இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருப்பதால் அடி அதற்கு விழுகிறது.

எந்த உலோகம் என்பதைப் பொறுத்து இந்தப் பாதிப்பு பெரிதும் மாறும். டைட்டானியத்தின் அணு எண் 22, அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், கதிர் ஓரளவு ஊடுருவும். ஸ்டீலும் கோபால்ட்-குரோமும் ஏறக்குறைய 8 கிராம், கோடுகள் அதிகம். உங்கள் கணவர் "நல்ல ஸ்டீல்தான் வைத்தார்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சமீப வருடங்களில் முதுகுக்குப் பெரும்பாலும் டைட்டானியம் கலவைதான் வைக்கிறார்கள். ஊகத்தில் போக வேண்டாம், கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இதைக் குறைக்க டெக்னீஷியன் கையில் பல வழிகள் உண்டு. குழாயின் மின்னழுத்தத்தை வழக்கமான 120-லிருந்து 140 கிலோவோல்ட்டுக்கு ஏற்றலாம். இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்-ரே அனுப்பும் இரட்டை ஆற்றல் சிடி இருந்தால் அதிக ஆற்றலில் எடுத்ததுபோன்ற படத்தைக் கணக்கிட்டு வாங்கலாம். அப்புறம் உலோகக் கோடுகளைக் குறைக்கவே எழுதிய மென்பொருள்கள் இருக்கின்றன. சீமென்ஸில் ஐ-மார், பிலிப்ஸில் ஓ-மார், ஜிஇ-யில் ஸ்மார்ட் மார், கேனனில் செமார். இவற்றுக்குப் பொதுப்பெயர் மார் (MAR). சென்டரில் பேசும்போது "மார் இருக்கிறதா?" என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். இந்த யோசனை புதியதும் இல்லை. 1987-லேயே ஜெர்மனியில் வில்லி காலெண்டரும் அவருடைய சகாக்களும், உலோகத்தில் பட்டுக் கெட்டுப்போன அளவுகளை எடுத்துவிட்டுப் பக்கத்து அளவுகளை வைத்து இட்டு நிரப்பும் முறையை வெளியிட்டார்கள்.

இட்டு நிரப்புவது என்றால் அதில் ஊகமும் கலந்திருக்கிறது. இதை நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை. மார் போட்டால் தூரத்துக் கோடுகள் அழகாக மறையும். ஆனால் ஸ்க்ரூவை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இல்லாத கறுப்பு வளையத்தை அதுவே வரைந்துவிடலாம், ஸ்க்ரூ மெலிந்தும் தெரியலாம். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று நாங்கள் தேடுவதும் அதே கறுப்பு வளையத்தைத்தான். டைட்டானியம் போன்ற இலேசான உலோகத்தில், அதுவும் சின்ன ஸ்க்ரூவில், மார் உதவியைவிடக் குழப்பத்தைக் கூட்டும் நேரங்களும் உண்டு. அதனால் மார் போட்ட படத்தை மட்டும் வைத்து "ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது" என்று யார் சொன்னாலும், மார் போடாத படத்திலும் அந்த வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வகைப் படமும், ஸ்கேனைப் பதிந்து உங்களுக்குத் தரும் குறுந்தட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் காலக்கெடு உள்ளது. மார் வேலை செய்ய மிஷினின் மூல அளவுகள் வேண்டும். உங்களுக்குத் தரும் தட்டில் அவை இருக்காது; மிஷினிலும் சில நாள்தான் இருக்கும், பிறகு புதிய நோயாளிகளின் தரவு அதன் மேல் எழுதப்பட்டுவிடும். நீங்கள் எடுத்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள், அநேகமாகப் போயிருக்கும். ஆனாலும் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். இருந்தால் மறுபடி படுக்காமலே புதுப் படம் கிடைக்கும். ரிப்போர்ட்டில் "கோடுகள்" என்று கண்ட அன்றே கேட்கலாம் என்பது இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

மூல அளவுகள் போயிருந்தாலும் அந்த சிடி வீண் இல்லை. எலும்புக்கான காட்சியில், விண்டோவை (படத்தின் கறுப்பு-வெள்ளை அளவைச் சரிசெய்யும் அமைப்பு) நன்றாக அகலமாக்கிப் பார்த்தால் எல்4 இடது ஸ்க்ரூ எலும்புத் தூணின் உள்சுவரையோ அடிச்சுவரையோ தாண்டியிருக்கிறதா என்று பல நேரம் சொல்லிவிட முடியும். முதுகெலும்புப் படங்களை அதிகம் பார்க்கும் ஒரு ரேடியாலஜிஸ்டிடம் அதே தட்டைக் கொடுத்து, இந்த ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள். நான்கு வருடம் சும்மா இருந்த ஸ்க்ரூ திடீரென்று இடம் மாறி நரம்பைக் குத்துவது அவ்வளவாக நடப்பதில்லை, ஆனால் தளர்வது நடக்கும். பார்த்துவிடுவது நல்லது.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவது போல, எக்ஸ்-ரே நின்றதும் போய்விடும். ஸ்க்ரூவில் ஒட்டிக்கொண்டு இருக்காது. கீழ்முதுகு சிடி ஒன்றில் சுமார் 6 மில்லிசீவர்ட் கிடைக்கும். மண், காற்று, வானத்திலிருந்து மனிதருக்கு ஒரு வருடத்தில் இயற்கையாகக் கிடைப்பது உலக சராசரியாக 2.4. தேவைக்கு எடுப்பதில் பயம் வேண்டாம், அதே சிடியைக் காரணமில்லாமல் மூன்றாவது சென்டரில் எடுக்கவும் வேண்டாம்.

3 டெஸ்லா: தம்பி சொன்னது பாதி சரி

உலோகம் இல்லாத உடம்பில் 3 டெஸ்லா பல வகையில் நல்ல படம் தரும். உலோகம் இருந்தால் நிலைமை தலைகீழ். எம்ஆர்ஐ, காந்தப் புலத்தை வைத்துத்தான் எந்தச் சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறது. புள்ளிக் கோலத்தில் யாரோ நடுவில் சில புள்ளிகளை நகர்த்திவிட்டால் கோடுகள் ஓர் இடத்தில் குவிந்து, இன்னோர் இடத்தில் வெற்றிடமாகும் இல்லையா? ஸ்க்ரூ புலத்தை அப்படித்தான் நகர்த்துகிறது. புலம் எவ்வளவு பலமோ அவ்வளவு கோணல். 3 டெஸ்லாவில் அது 1.5 டெஸ்லாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து உங்களுக்குப் பொருந்தாத மிஷினில் எடுத்திருக்கிறீர்கள். தம்பி அக்கறையில் சொன்னதுதான். உலோகம் வைத்தவர் என்று தெரிந்ததும் சென்டர்தான் இதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1.5 டெஸ்லாவிலும் வழக்கமான முறையில் எடுத்தால் போதாது. டெக்னீஷியன் மிஷினில் மாற்ற வேண்டிய அமைப்புகள் இவை: பேண்ட்விட்த்தைக் கூட்ட வேண்டும், ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ வகைப் படங்களை வாங்க வேண்டும், கிரேடியன்ட் எக்கோவைத் தவிர்க்க வேண்டும், படத்தின் துண்டுகள் (ஸ்லைஸ்) மெல்லியதாக இருக்க வேண்டும். சில மிஷின்களில் செமாக், மேவ்ரிக் என்று உலோகத்துக்கான தனி முறைகள் இருக்கும். அவை ஸ்டீலுக்கும் இடுப்பு மாற்று மூட்டுக்கும் பெரிய உதவி. டைட்டானியம் ஸ்க்ரூ என்றால் முதலில் சொன்ன மாற்றங்களே பெரும்பாலும் கால்வாயைக் காட்டிவிடும். நேரம் கூடும், கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். கால் வலி இருக்கிறவருக்கு அது கஷ்டம் என்று தெரியும், முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த வரிக்கு வருகிறேன். எம்ஆர்ஐயில் கொழுப்பின் வெண்மையை அடக்கிவிட்டுத்தான் நீர், வீக்கம், சீழைத் தேடுவோம். வழக்கமான அடக்கும் முறை, காந்தப் புலம் சீராக இருந்தால்தான் வேலை செய்யும். ஸ்க்ரூ பக்கத்தில் அது தோற்றுப்போய், சாதாரணக் கொழுப்பே வெள்ளையாக மின்னும், இன்ஃபெக்ஷன் போலவே தோன்றும். எழுதியவர் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, "பார்க்கவும்" என்றுதான் எழுதியிருக்கிறார். புலம் சீராக இல்லாவிட்டாலும் கொழுப்பை அடக்கும் ஸ்டிர் என்ற முறையில் எடுத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும். அதற்கும் முன்னால் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள், செலவு குறைவு. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, இந்த இரண்டும் இயல்பாக இருக்கின்றன என்றால் இன்ஃபெக்ஷனுக்கான வாய்ப்பு மிகவும் குறையும். கூடியிருந்தால் உங்கள் சர்ஜனை உடனே பாருங்கள்.

உலோகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது என்று உறவினர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் மும்பையில் எம்ஆர்ஐ அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுபோனவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்துபோனார். அந்தச் செய்திக்குப் பிறகு இந்தப் பயம் ஊரெல்லாம் பரவியது. சிலிண்டர் காந்தம் இழுக்கும் இரும்பு. டைட்டானியம் அப்படி இழுபடாது, எலும்பில் திருகி வேறு இருக்கிறது. பேஸ்மேக்கர், காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் ஆகியவற்றில்தான் உண்மையான ஆபத்து. அதற்காகத்தான் படிவத்தில் அத்தனை கேள்விகள். சென்டரில் அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள்.

ஸ்க்ரூவை எடுத்துவிடலாமா?

படத்துக்காக வேண்டாம். அது இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு கீறல், இன்ஃபெக்ஷனுக்கு இன்னொரு வாய்ப்பு. ஸ்க்ரூ தளர்ந்தது, உடைந்தது, நரம்பைத் தொடுகிறது, கிருமி பிடித்தது என்று உறுதியானால் எடுப்பதைப் பற்றி சர்ஜன் பேசுவார்; அது சிகிச்சைக்காக. அதற்கு முன்னால் எளிய வழிகள் பாக்கி இருக்கின்றன. நின்றபடி ஒரு எக்ஸ்-ரே, முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் இரண்டு. உங்களிடம் இதுவரை யாரும் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சாதாரண எக்ஸ்-ரேயில் கோடுகள் வராது. ஸ்க்ரூ உடைந்திருந்தால், எல்3 எலும்பு குனியும்போது நழுவினால் அதில் தெரியும். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த பழைய எக்ஸ்-ரே வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பல ஸ்கேன்களுக்குச் சமம்.

1.5 டெஸ்லாவில் முறையாக எடுத்தும் பதில் வரவில்லை என்றால், சிடி மைலோகிராம் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு, நரம்புகள் மிதக்கும் திரவத்தில் மருந்தைக் கலந்து சிடி எடுப்பது. ஊசி போடுவதால் சிலருக்குத் தலைவலி வரும். அதனால் கடைசியில் வைக்கிறோம், ஆனால் உலோகத்துக்கு நடுவே நரம்பு எங்கே நசுங்குகிறது என்று காட்டுவதில் அது இன்றும் பயனுள்ளது.

பணத்தைத் திருப்பிக் கேட்பது

நான் வக்கீல் இல்லை. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, புகாருக்கு இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் உலோகத்தால் படம் கெடுவது மட்டுமே குறைபாடு ஆகாது, அதை ரிப்போர்ட்டில் வெளிப்படையாக எழுதியிருப்பது நேர்மை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்க்ரூ இருப்பதை நீங்கள் முன்கூட்டியே சொன்னீர்களா? சொல்லியும் வழக்கமான முறையிலேயே எடுத்தார்களா? அப்படியானால் சென்டரின் ரேடியாலஜிஸ்டைச் சந்தித்து, விடுபட்ட படங்களை மட்டும் கட்டணமில்லாமல் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நானே என் வேலையில் இதை ஒப்புக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வழக்கைவிட இது உங்களை வேகமாகக் கொண்டுசேர்க்கும்.

உலோகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது

ஸ்க்ரூ வந்த பெட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், பெரும்பாலும் எந்த உலோகம் என்பதும் அதில் இருக்கும். ஆபரேஷன் அன்றே அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்கலாம். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் வருட விதி. ஆனால் அதே விதி மூன்று வருடம்தான் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது, உங்களுக்கு ஐந்து ஆகிவிட்டது. கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோகாதீர்கள். காப்பீட்டில் ஆபரேஷன் செய்திருந்தால் கிளெய்ம் பேப்பரோடு இம்ப்ளாண்ட் பில்லும் ஸ்டிக்கரும் போயிருக்கும், அதன் நகல் பீரோவில் எங்காவது கிடக்கும். சர்ஜனின் உதவியாளருக்கும் அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி ஸ்க்ரூ போட்டார்கள் என்று நினைவிருக்கும்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எம்ஆர்ஐக்கு நாள் குறிக்கும் முன்பே ரேடியாலஜிஸ்டிடம் சேரும்படி ஒரு சீட்டு எழுதச் சொல்லி உங்கள் சர்ஜனைக் கேளுங்கள். வெறும் "எம்ஆர்ஐ இடுப்பு முதுகு", "சிடி இடுப்பு முதுகு" என்று எழுதிய சீட்டோடு போனதால்தான் இரண்டு முறையும் வழக்கமான படம் எடுத்திருக்கிறார்கள். சீட்டில் இவ்வளவு போதும்: "எல்4-எல்5-இல் ஸ்க்ரூ, ராட், இன்ன உலோகம், இன்ன கம்பெனி. இடது நான்காம் நரம்பு வலி. எல்3-எல்4 கால்வாய் எவ்வளவு குறுகியிருக்கிறது, எல்4 ஸ்க்ரூ பக்கத்திலும் எல்4-எல்5 துவாரத்திலும் நரம்பு அழுந்துகிறதா என்று தெரிய வேண்டும். 1.5 டெஸ்லா, உலோகத்துக்கான முறை, ஸ்டிர் தேவை." கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள், வேண்டுமானால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை ஸ்கேன் மையத்திலும் 1.5 டெஸ்லா இருக்கிறதா என்று விசாரியுங்கள், இதற்கு விலை கூடிய மிஷின் தேவையில்லை.

ஸ்கேன் அன்று ஊக்கு, கொக்கி, தாயத்து, இடுப்பில் கட்டிய வெள்ளிக் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராமல் பலர் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். தங்கத்தைவிட அதில் கோத்திருக்கும் ஊக்குதான் எங்களுக்குக் கவலை, அது காந்தத்தில் இழுபடும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் சென்டருக்கு வரும் அம்மாக்கள் அப்படித்தான் வருகிறார்கள்; அதைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.